நாளைக்குக் காஞ்சிடுமாம்!

நாலு மாசம் ஆச்சு, ஒரு துண்டு காயல.

மிகைப்படுத்துறேன்னு நினைச்சுடாதீங்க. பச்சைக் கலர்ல, முக்கால் ஆள் நீளத்துக்கு ஒரு துண்டு எங்ககிட்ட இருக்கு. கார் டிக்கியில டென்ட்டைத் திணிச்சுக்கிட்டு கடலோரமாவே போயிட்டிருப்போம்னு நானும் இவரும் கிளம்பின அன்னிக்கு அது புத்தம் புதுசு. முதல் நாள் சாயங்காலம் கடல்ல ஒரு ஆட்டம் போட்டுட்டு வந்து தலை துவட்டி, ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டின கொடியில இவர்தான் அதைக் காயப்போட்டாரு. காலையில தொட்டுப் பார்த்தா சொதசொதன்னு இருந்துச்சு. "விடும்மா, நாளைக்குக் காஞ்சிடும்"னாரு. இன்னிக்கு 123-வது நாள். அந்த நாளை இன்னும் வரல.

வெப்பமண்டலக் கடற்கரையில டென்ட் வாழ்க்கைன்னு வீடியோ போடுறீங்களே, புண்ணியவான்களா, உங்களை ஒண்ணு கேக்கணும். வெள்ளை வெளேர்னு விரிப்பு, புஸுபுஸுன்னு தலையணை, டென்ட் வாசலைத் திறந்தா நீலக் கடல். எல்லாம் சரி. அந்த விரிப்பைப் பிழிஞ்சு காட்டுங்க பார்ப்போம். ஒரு சொம்பு தண்ணி வரும்! அதை மட்டும் ஒருத்தர்கூட வீடியோவுல காட்டலையே, ஏன்? வெயில் அடிக்கும்னு சொன்னீங்க, கொசு கடிக்கும்னு சொன்னீங்க, தேங்காய் தலையில விழும், தென்னை மரத்தடியில டென்ட் போடாதேன்னுகூடச் சொன்னீங்க. நல்ல விஷயம், கேட்டுக்கிட்டோம். எதுவுமே காயாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தத் துண்டை வாங்கியிருக்கவே மாட்டேன்.

அவ்வளவு வெயில் அடிக்குதே, எப்படிக் காயாமப் போகும்னு கேப்பீங்க. நானும் அதையேதான் கேட்டுட்டிருந்தேன். அதே கடல், அதே வெயில், அதே உப்பு, மீன் மட்டும் ஜம்முனு கருவாடாகுது. என் துண்டுக்கு மட்டும் என்ன கேடு?

உப்புதாங்க கேடு. லிட்டருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கு கடல் தண்ணியில. நனைஞ்ச துண்டை என்னதான் முறுக்கிப் பிழிஞ்சாலும் அரை லிட்டர் தண்ணி உள்ளே தங்கும்னு வெச்சுக்கோங்க. அந்தத் தண்ணி ஆவியாப் போச்சுன்னா 17 கிராம் உப்பு நூலோட நூலா ஒட்டிக்கிட்டு நிக்கும். உப்பு தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும்பாங்க. இந்தத் துண்டு தின்னிருக்கு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதாரணச் சமையல் உப்பே காத்துல இருந்து தண்ணியை உறிஞ்சிக் கரைய ஆரம்பிச்சுடும். கடல் உப்புல அது மட்டுமா இருக்கு? மெக்னீசியம் குளோரைடுன்னு ஒரு மகராசன் கூடவே இருக்காரு. அவருக்கு 33 சதவீதமே போதும், குடிக்க ஆரம்பிச்சுடுவாரு. கடலோரத்துல ஈரப்பதம் அவ்வளவு கீழே எந்த நாள் இறங்கும்? மத்தியான வெயில்லயே இறங்காது. பொழுது சாஞ்சதும் எண்பது, தொண்ணூறுன்னு ஏறிக்கிட்டே போகும். ஆக, பகல் பூரா பாடுபட்டுக் காஞ்ச துண்டு, ராத்திரி பூரா காத்தையே உறிஞ்சி உறிஞ்சி மறுபடியும் நனைஞ்சு நிக்குது. யாரும் தண்ணி ஊத்தல. அதுவாவே நனையுது!

இதை எல்லாம் நான் இவருக்கு உக்கார வெச்சு விளக்கினேன். மணல்ல குச்சியால கணக்கே போட்டுக் காட்டினேன். பொறுமையாக் கேட்டாரு, தலையாட்டினாரு. அப்புறம் எழுந்து துண்டைத் தொட்டுப் பார்த்துட்டு, "முந்தாநாளுக்கு இது பரவால்லதான்"னாரு.

தீர்வு என்னன்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? நல்ல தண்ணியில அலசினா உப்பு போயிடும், துண்டு காஞ்சிடும். அவ்வளவுதான். ஆனா நல்ல தண்ணி எங்கே இருக்கு? கார்ல ரெண்டு கேன் இருக்கு, ஒவ்வொண்ணும் 20 லிட்டர். இந்தப் புழுக்கத்துல ஆளுக்கு நாலு லிட்டர் குடிக்கவே போயிடுது. சமையல், பாத்திரம், பல் விளக்க, மேல ஒரு ரெண்டு சொம்பு ஊத்திக்கன்னு போக மூணாம் நாள் கேனைச் சாய்ச்சுப் பிடிக்க வேண்டியதாயிருக்கு. ஒரு துண்டோட உப்பை ஒழுங்கா எடுக்கணும்னா குறைஞ்சது நாலு லிட்டர், ரெண்டு தடவை அலசல். ஒரு ஆள் ஒரு நாள் குடிக்கிற தண்ணியை ஒரு துண்டு குடிக்குது. இதைச் செஞ்சா "குடிக்கிற தண்ணியில துணி துவைக்கிறியே"ன்னு இவர் ஒரு பார்வை பார்க்குறாரு. செய்யலைன்னா ராத்திரி அந்தத் துண்டுக்குப் பக்கத்துல நான் படுக்கணும். ஆமா, பக்கத்துலதான். வெளியே கொடியில விட்டா பனி இறங்கும்னு இவரே தினமும் பொழுது சாஞ்சதும் எடுத்து டென்ட்டுக்குள்ள தொங்க விடுவாரு. என் முகத்துக்கு நேரா.

அந்த டென்ட்டுக்குள்ள ராத்திரின்னா எவ்வளவு நேரம்னு நினைக்குறீங்க? பூமத்திய ரேகைக்குப் பக்கமாப் போகப் போக வருஷம் பூரா ராத்திரி கிட்டத்தட்ட 12 மணி நேரம். அந்தி மயங்குற அழகு, பொன்னிற மாலை எல்லாம் கவிதையில இருக்கு. இங்கே சூரியன் கல்லைப் போட்ட மாதிரி பொத்துன்னு கடல்ல விழுந்துடும். அரை மணி நேரத்துல கும்மிருட்டு. விளக்கைப் போட்டா உலகத்துல உள்ள பூச்சி எல்லாம் வீட்டுக்கு வரும். அதனால ஏழு மணிக்கே ரெண்டு பேரும் உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கிட்டு உக்காந்துடுறோம். மழை வருமோன்னு டென்ட்டுக்கு மேல போர்த்துற மேல்துணியையும் போட்டாச்சு. காத்து நின்னு போச்சு. மூச்சுலயும் வேர்வையிலயும் ஆளுக்குக் கால் லிட்டருக்குக் குறையாம ராத்திரியில தண்ணியை வெளியே விடுறோம். அது எங்கே போகும்? மேல்துணியோட உள்பக்கம் முத்து முத்தாக் கோத்துக்கிட்டு நிக்கும், ரெண்டு மணி சுமாருக்கு நெத்தியில ஒரு சொட்டு விழும். நம்ம மூச்சே நம்ம நெத்தியில. அதுக்குப் பக்கத்துல அந்தத் துண்டு வேற, மக்கின வாடையோட, பேய் மாதிரி.

சரி, காத்து வர்ற இடமாப் பார்த்து டென்ட் போட வேண்டியதுதானேன்னு சொல்ல ஆரம்பிக்காதீங்க. காத்து எங்கே வரும்? அலைக்குப் பக்கத்துல. அலைக்குப் பக்கத்துல காத்தோட சேர்ந்து என்ன வரும்? உப்புத் தூவானம். கடல்ல கால் வைக்காத துணிகூட அங்கே ரெண்டு நாள்ல உப்பாயிடும். சரி வேண்டாம், உள்ளே தள்ளி மரத்துக்குப் பின்னாடி போவோம்னா அங்கே காத்து கிடையாது. காத்து இல்லாத இடத்துல அந்தியிலயும் விடியல்லயும் ஒரு பூச்சி வரும் பாருங்க, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், சாதாரணக் கொசுவலை ஓட்டைக்குள்ள சர்வசாதாரணமா நுழைஞ்சு வந்துடும். கொசுவாவது ஙொய்னு சொல்லிட்டுக் கடிக்கும். இது சத்தமே இல்லாமக் கடிச்சுட்டுப் போகும், ஒரு வாரம் சொறியணும். அதுக்குன்னு ஒரு மருந்தைத் தெளிச்சோம், டீட் கலந்தது. பூச்சி போச்சோ இல்லையோ, என் கண்ணாடி பிரேம் பிசுபிசுன்னு உருகிப் போச்சு. பிளாஸ்டிக்கை அது அரிக்கும்னு அப்புறம்தான் டப்பாவுல படிச்சேன். தப்பு என்னுதுதான், படிக்காம விட்டது. ஆனாலும் கோவம் வருது.

நமுத்துப் போறதுன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கு முழு அர்த்தத்தை இந்த நாலு மாசத்துலதான் கத்துக்கிட்டேன். பிஸ்கட் நமுத்துப் போச்சு, சரி, எதிர்பார்த்ததுதான். தீக்குச்சி நமுத்துப் போச்சு, உரசினா மருந்து மாவு மாதிரி உதிருது. உப்பு டப்பாவுல உப்பைக் காணோம், தண்ணி இருக்கு. புஸ்தகம் ரெண்டு பங்கு தடிச்சுப் போச்சு. துருவே பிடிக்காதுன்னு வாங்கின கத்தியில பழுப்புப் பழுப்பாப் புள்ளி. போனைச் சார்ஜ் போட்டா, ஈரம் இருக்கு, சார்ஜ் ஆகாதுன்னு எச்சரிக்கை வருது. போனுக்கே புரியுது! இவருக்குப் புரியல. கேமரா லென்ஸ்ல பூசணம் பிடிச்சுடக் கூடாதேன்னு சிலிக்கா ஜெல் பை போட்டு வெச்சோம். அதுவே நாலு நாள்ல குடிச்சு முடிச்சுட்டு நிக்குது. அதைத் திரும்பச் சூடு பண்ணினா மறுபடி வேலை செய்யும்னு, ஒரு நாள் காலங்காத்தால சட்டியில போட்டு வறுத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். காபி போட வேண்டிய அடுப்புல ஜெல் மணியை வறுக்குறேன். வாழ்க்கை எங்கே வந்து நிக்குது பாருங்க.

உடம்பைப் பத்தி அதிகம் பேசல. முதுகு பூரா வேர்க்குரு, கால் விரல் இடுக்குல சேத்துப்புண். அவ்வளவு போதும்.

ஆனா டென்ட்டைப் பத்திப் பேசாம விட முடியாது. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை இடம் மாறணும். விடியக்காலையில கிளம்பினாதான் வெயிலுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் போக முடியும்னு இவர் கணக்கு. விடியக்காலையில மேல்துணி எப்படி இருக்கும்? குளிச்சுட்டு வந்த எருமை மாதிரி சொட்டிக்கிட்டு இருக்கும். ஒன்பது மணி வரைக்கும் விட்டா காஞ்சுடும். கேட்டா, "போய்ப் பிரிச்சுப் போட்டாக் காயும்மா"ன்னு அப்படியே சுருட்டிப் பையில திணிச்சுடுவாரு. பகல் பூரா மூடின கார், அடுப்பு மாதிரிச் சூடு, பைக்குள்ள ஈரம். மழைத்தண்ணி இறங்காம இருக்க உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு ஒண்ணு பூசியிருப்பாங்க. ஈரமும் சூடும் சேர்ந்தா அது மெல்ல மெல்லச் சிதைஞ்சு, பசை மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும். ஒரு மாதிரிப் புளிச்ச நாத்தம் வேற. மூணாவது மாசமே எங்களுது அப்படி ஆயிடுச்சு. இப்போ டென்ட்டைப் பிரிக்கும்போது சர்ர்ர்னு ஒரு சத்தம் வரும், பிளாஸ்திரி பிய்க்கிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தினமும் காலையில ரத்தக் கொதிப்பு.

அப்படின்னா திரும்பிப் போக வேண்டியதுதானேன்னு கேக்குறீங்களா? அதுதான் கொடுமை. காலையில அஞ்சே முக்காலுக்கு வாசல் ஜிப்பைத் திறந்தா, ஆள் அரவமே இல்லாம, கண்ணாடி மாதிரிக் கடல். இவர் ரெண்டு டம்ளரோட வந்து பக்கத்துல உக்காருவாரு. ஒரு அரை மணி நேரம் எந்தக் கோவமும் ஞாபகம் வராது. அப்புறம் முகம் கழுவிட்டு அந்தத் துண்டை எடுப்பேன்.

நேத்து ராத்திரி நடந்ததைச் சொல்லிடுறேன். சாயங்காலத்துல இருந்தே கடல் பக்கம் மேகம் கருகருன்னு கட்டிக்கிட்டு வந்துச்சு. அப்போதான் எனக்கு மண்டையில மணி அடிச்சுது. மழை! மழைன்னா என்ன? வானத்துல இருந்து வர்ற நல்ல தண்ணி, காசில்லாம, கேன் இல்லாம. நாலு மாசமா மழை வந்தாலே பதறிப்போய் துணியை எல்லாம் உள்ளே எடுத்துட்டிருந்திருக்கோமே, எவ்வளவு முட்டாள்தனம்! இவர் அசந்து தூங்கினதும் சத்தமில்லாம வெளியே போனேன். அந்தத் துண்டு, தலையணை உறை, விரிப்பு, இவரோட சட்டை நாலு, என் துணி, எல்லாத்தையும் கொடியில வரிசையாப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கிளிப் மாட்டினேன். கொட்டுற மழையில உப்பு மொத்தமா இறங்கிடும், காலையில ஒன்பது மணி வெயில்ல முறுமுறுன்னு காஞ்சுடும். நாலு மாசத்துல முதல் தடவையா நிம்மதியாத் தூங்கினேங்க. மழைச் சத்தம்கூடக் கேக்கல.

விடிஞ்சு பார்த்தா கால்மாட்டுல ஏதோ சில்லுன்னு இருந்துச்சு. எழுந்து பார்க்குறேன், துணி எல்லாம் ஒரே குவியலா, டென்ட்டுக்குள்ள. தலை பூரா ஈரத்தோட இவர் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு.

"நல்லவேளை, முதல் தூத்தல் விழும்போதே எனக்கு முழிப்பு வந்துடுச்சு. நீ அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரல. நானே ஓடிப்போய் எல்லாத்தையும் எடுத்துட்டேன். அப்புறம் அடிச்சுது பாரு மழை, ரெண்டு மணி நேரம்!"

நான் ஒண்ணும் பேசல. குவியலுக்குள்ள கையை விட்டு அந்தப் பச்சைத் துண்டை உருவினேன். ஒரு முனையை நாக்குல வெச்சுப் பார்த்தேன். உப்பு.

"லேசாத்தான் நனைஞ்சிருக்கு"ன்னாரு. "விடும்மா, நாளைக்குக் காஞ்சிடும்."