நம்ப முடியாத கால்பந்துக் கணக்குகள்: எண்ணை மட்டும் சொன்னால் போதுமா?

கால்பந்து பற்றிய 'நம்பினால் நம்புங்கள்' வகைத் துணுக்குகள் முகநூலில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றை நானும் விரும்பிப் படிப்பவன்தான். ஆனால், பகிர்பவர்கள் பெரும்பாலும் எண்ணை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, அந்த எண் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையான வியப்பு பல நேரங்களில் எண்ணில் இருப்பதில்லை. அதை உண்டாக்கிய போட்டி விதியிலோ, கோல்களை எண்ணிய முறையிலோதான் இருக்கிறது என்பது என் கருத்து.

எல்லோருக்கும் தெரிந்த 149-0 என்ற முடிவையே எடுத்துக்கொள்வோம். 2002 அக்டோபர் 31 அன்று மடகாஸ்கரில் ஆடேமா அணி எஸ்ஓ எமிர்ன் அணியை இந்தக் கணக்கில் வென்றது. இதைப் பகிர்கிறவர்களில் பலர், வென்ற அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பதைக் குறிப்பிடுவதில்லை. 149 கோல்களும் எமிர்ன் வீரர்கள் தங்கள் வலைக்குள் தாங்களே அடித்துக்கொண்டவை. முந்தைய ஆட்டத்தில் கடைசி நேரத்தில் எதிரணிக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பெனால்டியால் அவர்களது சாம்பியன் பட்டம் கைநழுவியது. நடுவர்களின் தீர்ப்புகளைக் கண்டிக்கவே இப்படிச் செய்தார்கள். ஏறத்தாழ 36 விநாடிகளுக்கு ஒரு கோல் எப்படிச் சாத்தியமானது என்று கேட்டால், விடை கால்பந்தின் மிக எளிய விதி ஒன்றில் இருக்கிறது. கோல் வாங்கிய அணிதான் நடுக்கோட்டிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும். ஆகவே, ஒவ்வொரு சுயகோலுக்குப் பிறகும் பந்து மீண்டும் எமிர்ன் வீரர்களின் காலுக்கே வந்து சேர்ந்தது. ஆடேமா வீரர்கள் பெரும்பாலும் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. எமிர்ன் பயிற்சியாளருக்கு 3 ஆண்டுத் தடை கிடைத்தது.

என்னைக் கேட்டால், 149-0 ஆட்டத்தைவிடப் பன்மடங்கு விநோதமானது 1994 ஜனவரி 27 அன்று பார்படாஸ் அணியும் கிரெனடா அணியும் மோதிய கரீபியன் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். இதன் இறுதிக் கணக்கு 4-2 மட்டுமே என்பதால், எண்ணைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தப் போவதில்லை. அந்தத் தொடரை நடத்தியவர்கள் இரண்டு விதிகளை வைத்திருந்தார்கள். எந்த ஆட்டமும் சமநிலையில் முடியக் கூடாது, கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும் என்பது ஒன்று. அந்தத் தங்க கோலை இரண்டு கோல்களாகக் கணக்கிட வேண்டும் என்பது இன்னொன்று. அடுத்த கட்டத்துக்குச் செல்ல, பார்படாஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்தது. 2-0 என்று முன்னிலையில் இருந்த நிலையில், 83ஆம் நிமிடத்தில் கிரெனடா ஒரு கோல் அடித்து வித்தியாசத்தைக் குறைத்துவிட்டது. மிச்சமிருந்த சில நிமிடங்களில் எதிரணியின் தடுப்பாட்டத்தை உடைத்து மூன்றாவது கோலைப் போடுவதைவிட, தன் வலைக்குள்ளேயே ஒன்றைப் போட்டு 2-2 ஆக்கி, கூடுதல் நேரத்துக்குச் சென்று, இரட்டை மதிப்புள்ள தங்க கோலுக்கு முயல்வது எளிது என்று பார்படாஸ் கணக்குப் போட்டது. 87ஆம் நிமிடத்தில் அதன் தடுப்பாட்டக்காரரும் கோல்கீப்பரும் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்து, பிறகு அதைத் தங்கள் கோலுக்குள்ளேயே அடித்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் கால்பந்து வரலாற்றில் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி. 3-2 என்று வென்றாலும் சரி, 2-3 என்று தோற்றாலும் சரி, கிரெனடா அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். எனவே அதன் வீரர்கள் இரு கோல்களில் ஏதாவது ஒன்றில் பந்தை அடிக்க ஓடினார்கள். பார்படாஸ் வீரர்களோ தங்கள் கோலையும் எதிரணியின் கோலையும் சேர்த்துக் காத்து நின்றார்கள். கூடுதல் நேரத்தில் பார்படாஸ் தங்க கோலை அடித்து, 4-2 என்ற கணக்கில் முன்னேறியது. விதியை எழுதியவர்கள் செய்த பிழைக்கு வீரர்களை நொந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கொடுக்கப்பட்ட விதிக்குள் மிகச் சரியாகச் சிந்தித்தவர்கள் அவர்கள்தான்.

பழைய சாதனைகளைப் பகிரும்போது, கோல்களை எண்ணியது யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்டிஷ் கோப்பைப் போட்டியில் ஆர்ப்ரோத் அணி பான் அக்கார்டு அணியை 36-0 என்று வென்றது. அதே நாளில், அதே போட்டியின் இன்னொரு ஆட்டத்தில், டண்டீ ஹார்ப் அணி அபர்டீன் ரோவர்ஸ் அணியை 35-0 என்று வென்றது. இந்தத் தற்செயலே போதுமான வியப்பு. இதில், டண்டீ ஹார்ப் அடித்தவை 37 என்று நடுவர் குறித்துவைத்திருந்தார் என்றும், 35தான் என்று அந்த அணியின் செயலாளரே திருத்தினார் என்றும் சொல்லப்படுவது உண்டு. கோலுக்கு வலை கட்டும் பழக்கமே வராத காலத்தில் கணக்கு பிசகியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2001 ஏப்ரல் 11 அன்று, ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை வென்ற உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்திலும் மைதானத்தின் பலகை 32-0 என்றே காட்டியது; பின்னர்தான் அது 31-0 என்று உறுதிசெய்யப்பட்டது. அன்று ஆர்ச்சி தாம்சன் தனியொருவராக 13 கோல்கள் அடித்தார். 1885இல் ஆர்ப்ரோத்தின் ஜான் பெட்ரி அடித்தவையும் 13தான். 1958 உலகக் கோப்பையில் பிரான்சின் ஜஸ்ட் ஃபோந்தேன் ஆறு ஆட்டங்களில் அடித்து இன்றுவரை முறியடிக்கப்படாமல் வைத்திருக்கும் சாதனையும் 13 கோல்களே.

அமெரிக்கன் சமோவாவைக் கேலிக்குப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டுச் சிக்கலால் அந்த அணி முதலில் தேர்ந்தெடுத்த வீரர்களில் ஒருவரைத் தவிர வேறு எவரும் விளையாடத் தகுதி பெறவில்லை. பதின்வயதுப் பையன்களைத் திரட்டிக்கொண்டுதான் களமிறங்கினார்கள். எஞ்சிய அந்த ஒருவர், 31 கோல்களையும் வாங்கிய கோல்கீப்பர் நிக்கி சலாப்பு. 2011இல் டோங்காவை 2-1 என்று வீழ்த்தி அந்த அணி உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா அங்கீகரித்த தன் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றபோதும் கோல் காத்தவர் அவரே.

வீரர்களின் வாழ்நாள் கோல் கணக்குகளைப் பற்றி விரிவாகப் பேச விருப்பமில்லை. பெலே அடித்ததாகச் சொல்லப்படும் 1,283 கோல்களில் நட்பு ஆட்டங்களும் அடக்கம், அதிகாரப்பூர்வப் போட்டிகளை மட்டும் எடுத்தால் அந்த எண் 800க்குக் கீழே இறங்கிவிடும் என்பதைக் குறிப்பிட்டாலே போதும்.

விதியும் எண்ணும் முறையும் விளக்காத புதிர்களும் உண்டு. அவற்றுக்குக் காரணம், கால்பந்தில் கோல் என்பது அரிய பொருள் என்பதே. 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள். அதாவது ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. இவ்வளவு சிக்கனமான விளையாட்டில், ஒரே ஒரு பந்து எங்கே திரும்புகிறது என்பது பட்டத்தையே தீர்மானித்துவிடும். 2010 உலகக் கோப்பையில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத ஒரே அணி நியூசிலாந்து. மூன்று ஆட்டங்களையும் சமன்செய்துவிட்டு அது முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. கோப்பையை வென்ற ஸ்பெயினோ முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்றிருந்தது; ஏழு ஆட்டங்களில் அது அடித்தவை மொத்தம் எட்டு கோல்கள்தாம். அதற்கு முந்தைய 2006 உலகக் கோப்பையில், நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காமலேயே சுவிட்சர்லாந்து வெளியேறியது. உக்ரைனுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டில் தன் வாய்ப்புகளில் ஒன்றைக்கூட அது கோலாக்கவில்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது மான்செஸ்டர் சிட்டியின் 1937-38 பருவம். முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றிருந்த அந்த அணி, அந்தப் பருவத்தில் 80 கோல்கள் அடித்தது. முதல் நிலைப் பிரிவில் வேறு எந்த அணியும் அத்தனை கோல்களை அடிக்கவில்லை; பட்டம் வென்ற ஆர்சனலே 77தான் அடித்தது. வாங்கியதைவிட மூன்று கோல்கள் கூடுதலாகவே அடித்திருந்தும், சிட்டி 22 அணிகளில் 21ஆவதாக முடித்து இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. கோல்கள் வெற்றியைத் தருகின்றன என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் எந்த ஆட்டத்தில் எத்தனை என்று அவை எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை மொத்தக் கணக்கு காட்டுவதே இல்லை.

கடைசியாக, மைதானத்துக்கும் கணிதத்துக்கும் இடைப்பட்ட ஒன்று. களத்தில் நிற்கும் 22 வீரர்களையும் நடுவரையும் சேர்த்தால் 23 பேர். அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவதற்கான வாய்ப்பு ஐம்பது சதவீதத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்க இது எப்படி என்று பலர் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். நம் மனம் 23 பேரை எண்ணுகிறது. இங்கே எண்ண வேண்டியது இரண்டிரண்டு பேராகச் சேரும் சோடிகளை, அவை 253. ஒவ்வொரு அணியும் 23 வீரர்களைக் கொண்டுவந்த 2014 உலகக் கோப்பை இதற்கு மிகப் பொருத்தமான சோதனைக் களமாக அமைந்தது. 32 அணிகளில் 16 அணிகளில், அதாவது மிகச் சரியாகப் பாதியில், பிறந்தநாளைப் பகிர்ந்துகொள்ளும் வீரர்கள் இருந்தார்கள். இந்தப் பதிவில் உள்ளவற்றில் யாரையும் நம்பாமல் நீங்களே சரிபார்த்துக்கொள்ளக்கூடியது இதுதான். அடுத்த பெரிய தொடரின் வீரர் பட்டியல் வெளியானதும் பிறந்த தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். இப்போதெல்லாம் ஓர் அணிக்கு 26 பேர் வரை வருவதால், பாதிக்கும் மேற்பட்ட அணிகளில் அத்தகைய சோடி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.