பருப்பை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் கீல்வாதம் (கவுட்) வந்தால் பருப்பையும் கறியையும் நிறுத்துங்கள், சரியாகிவிடும் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதிதான் உண்மை. நம் செல்களில் ஆற்றல் தரும் ஏடிபி மாதிரியான பொருள்கள் தினமும் உடைகின்றன, அதிலிருந்து வருகிற ஹைப்போசாந்தின் என்ற பியூரின் முதலில் சாந்தின் ஆகி, அப்புறம் யூரிக் அமிலமாகிறது, இரண்டு படியையும் செய்வது சாந்தின் ஆக்சிடேஸ் என்ற ஒரே நொதி. உடம்பில் சேரும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி உள்ளேயே உண்டாவது, சாப்பாட்டில் இருக்கும் பியூரினால் வருவது மீதிதான். எலிக்கு யூரிக் அமிலத்தை மேலும் உடைக்க யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது, நமக்கு அதற்கான மரபணு செயலிழந்து பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

என் அப்பா இரண்டு வருடம் சாம்பாரைத் தொடவில்லை, ரசத்தைக்கூடத் தெளிவாக இறுத்துத்தான் ஊற்றிக்கொள்வார். அப்படியும் ஒரு ராத்திரி கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறினார். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9.2 மில்லிகிராம் இருந்தது, 6.8 தாண்டினாலே மூட்டில் ஊசி ஊசியாகப் படிகம் கட்டலாம். டாக்டர் அலோபியூரினால் என்ற மருந்தைக் கொடுத்து, அதன் அளவை மெல்ல மெல்லக் கூட்டிய பிறகுதான் 5.8க்கு இறங்கியது. மேலே சொன்ன சாந்தின் ஆக்சிடேஸைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. இதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

பீர், ஈரல், நெத்திலி, சர்க்கரை போட்ட குளிர்பானம், இவற்றைக் குறைக்கச் சொல்லுங்கள், சரி. பருப்பு கீல்வாதத்தைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள், கறி சாப்பிடாத வீடுகளில் பருப்பையும் நிறுத்தினால் வயதானவர்களுக்குப் புரதம் எங்கிருந்து கிடைக்கும்?