புழுக் கத்தரிக்காயும் என் பங்காளியும்

பூச்சிமருந்து அடிக்காத இயற்கைக் கத்தரிக்காய் வாங்கி, புழு இருந்ததையும் மறைக்காம நேத்து படம் போட்டேன். அதுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. "கிலோ நூத்தியிருபது குடுத்து புழுவை வாங்கிட்டு வந்திருக்கான், இவன்லாம் படிச்சவன்"னு எழுதினானே, அவன் என் சொந்தச் சித்தப்பா மகன். அதுக்கு எண்பது பேர் சிரிப்பு பொம்மை வேற. சந்தோஷம்.

இயற்கைக் காயில சத்து அதிகம்னு நான் எங்கயும் எழுதல. சர்க்கரை ஓடிடும், கேன்சர் பறந்துடும்னும் எழுதல. அதுல மருந்து அடிக்கலைங்கிறதுக்குத்தான் அந்தக் காசு. அவ்வளவுதான்.

டாக்டர் நண்பர் 2012ல வந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வை ஒட்டிட்டுப் போனார். சத்துல பெருசா வித்தியாசம் இல்லையாம். சரி சார். பூச்சிமருந்து எச்சம் இருக்கிற வாய்ப்பு இயற்கை விளைச்சல்ல குறைவுன்னு அதே ஆய்வு சொல்லுதே, அந்த வரி உங்க போன்ல தெரியலையா? எச்சம் அனுமதிச்ச அளவுக்குள்ளதான் பெரும்பாலும் இருக்கும், ஒத்துக்கறேன். அடிக்கிறவர் அளந்து அடிச்சு, நாள் விட்டுப் பறிச்சா.

எங்கப்பா அளந்த லட்சணம் பங்காளிக்கு நல்லாத் தெரியும். டேங்குக்கு ரெண்டு மூடின்னு கடைக்காரர் சொல்வார். அப்பா மூணு ஊத்துவார். காய்ப்புழு உள்ள குடைஞ்சு உக்காந்திருக்கும், சாகாது. அடுத்த தடவை நாலு. டப்பாவுல சிவப்பு முக்கோணம், மண்டையோடு. எங்க ஊர்ல அதுக்குப் பேரு மருந்து! சாயங்காலம் அடிச்சதை விடிகாலையில பறிச்சு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை கட்டுவோம். ஒரு ஓட்டை இருக்காது, பளபளன்னு இருக்கும்.

கிணத்து மேட்டுல மட்டும் பத்துப் பதினஞ்சு செடி தனியா நிக்கும். அம்மா சாம்பல் தூவுறதோட சரி. வீட்டுக் குழம்புக்கு அதுலதான் பறிக்கணும். தெரியாம வயல்ல கை வச்சா முதுகுல விழும். அந்தக் கிணத்து மேட்டுக் காயைத் தின்னுதானேடா நீயும் வளர்ந்த? வேற எவனாவது எழுதியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்.

அப்புறம் இலங்கை. 2021ல ரசாயன உரத்தைத் தடை பண்ணி அவங்க பட்டபாடு தெரியாதான்னு மூணு பேர். ஐயா, அது ஒரே உத்தரவுல ஒரு நாட்டையே மாத்தப் பார்த்தது. நான் வாங்கினது அரைக் கிலோ கத்தரிக்காய்.

ஆர்கானிக்னு போர்டு மாட்டி ஏமாத்துறாங்கதான். நானும் ஏமாந்திருக்கேன். அதனாலதான் இப்ப தோட்டத்துக்கே போய் வாங்கறேன்.

"பணக்காரன் பொழப்பு"ன்னு சொன்னதுதான் சுட்டுது. எல்லாராலயும் முடியாது, தெரியும். என்னாலயே கீரையும் கத்தரியும்தான் முடியுது. ஆனா துண்டை வாயில கட்டிக்கிட்டு வெறுங்காலோட மருந்தடிச்சுட்டு வந்து ராத்திரி திண்ணையில வாந்தியெடுத்த மனுஷன் பணக்காரர் இல்ல. காலையில மறுபடி டேங்கைத் தூக்கிட்டுப் போவார். அதை நீயும் நானும் ஒண்ணா நின்னு பார்த்தோம்.

மீதிக் காயை இன்னைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் வச்சாச்சு. ரெண்டுல புழு இருந்தது, நறுக்கித் தூரப் போட்டோம். படம் எடுக்கல.