நால்வரில் காதில் விழாதவர்

போன மாதம் ஒரு கராஜ் சேலில் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய இசைத்தட்டுகள் கிடைத்தன. ஒன்று ஒரு டாலர், மொத்தமாக எடுத்தால் பத்து டாலர் என்றார் அந்தம்மா. எல்லாமே கன்ட்ரி காஸ்பல், அதாவது அமெரிக்கக் கிராமப்புறக் கிறிஸ்தவப் பாட்டு, பாடும் நால்வர் குழுக்கள். ரெக்கார்டு தேடி அலைகிறவர்கள் ஜாஸையும் ராக்கையும் உருவிக்கொண்டு போனபின் அமெரிக்கப் பெட்டிகளில் மிஞ்சுவது இதுதான். உறையில் ஒரே மாதிரி கோட்டுப் போட்ட நாலு பேர், படிய வாரிய தலை, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. நானும் பல வருடம் இவற்றைப் பார்த்ததும் தள்ளிவிட்டவன்தான். இத்தனைக்கும் நான் சர்ச்சுக்குப் போகிறவனும் இல்லை.

இந்தக் குழுக்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பாஸ் என்ற அடிக்குரலில்தான் போய் நிற்பார்கள். ஜே.டி. சம்னர் எவ்வளவு கீழே இறங்குவார் தெரியுமா, எல்விஸுக்குப் பின்னால் நின்று பாடியவர் தெரியுமா, இப்படி. தெரியும். கீழே இறங்குவது வித்தை, கைதட்டலும் விழும். ஆனால் பாட்டைக் கட்டி வைத்திருப்பவர் நடுக்குரல்காரரான பாரிடோன் என்பது என் கட்சி. மெட்டு லீட் என்ற முதன்மைக் குரலிடம் இருக்கும், அதற்கு மேலே டெனர், அடியில் பாஸ். இவர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் சுரம்தான் பாரிடோனுக்கு. அவர் பாகத்தைத் தனியாகப் பாடச் சொன்னால் பாட்டு மாதிரியே இருக்காது, நின்ற இடத்திலேயே முனகுகிற மாதிரி இருக்கும். அவர் ஒரு வரி சும்மா இருந்தால் போதும், மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து கேட்பார்கள்.

நம் காது ஒற்றைக் குரலுக்குப் பழகியது. கூட ஒருவர் பாடினால் அது பின்பாட்டு. அதே மெட்டை ஏந்திக்கொள்வார். அதனால் இந்த நடுக்குரல் பிடிபட எனக்கு நாளாயிற்று. சக் வேகன் கேங்கில் ஆரம்பித்ததுதான் உதவியது. டெக்சஸைச் சேர்ந்த ஓர் அப்பாவும் அவர் பிள்ளைகள் மூன்று பேரும். துணைக்கு ஒரே ஒரு கிடார். 1936 நவம்பரில் சான் ஆன்டோனியோவில் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். (அதே வாரம், அதே ஊரில், அதே கம்பெனிக்கு ராபர்ட் ஜான்சன் தன் ப்ளூஸ் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் தட்டுக்கு இன்று என்ன விலை, இவர்களுடையதற்கு என்ன விலை என்று கேட்காதீர்கள்.) இரண்டு பெண்கள் இருப்பதால் குரல்கள் தள்ளித் தள்ளி நிற்கும், எது எங்கே போகிறது என்று தெரியும். முதல் தடவை மெட்டோடு போங்கள். இரண்டாம் தடவை மெட்டைப் பிடிவாதமாக விட்டுவிட்டு மகள்களில் ஒருவரான ஆன்னாவின் ஆல்டோவை, பெண்களில் கீழே நிற்கும் அந்தக் குரலை, மட்டும் பின்தொடருங்கள். வேறொரு பாட்டு கேட்கும்.

அப்புறம் பிளாக்வுட் பிரதர்ஸ். 1954 ஜூன் 30 அன்று அலபாமாவின் கிளான்டனில் அவர்களுடைய சிறிய விமானம் விழுந்து நொறுங்கியது. பாரிடோன் ஆர்.டபிள்யூ. பிளாக்வுட், பாஸ் பில் லைல்ஸ், கூட ஏறியிருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர், மூவரும் போய்விட்டார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆர்தர் காட்ஃப்ரே நடத்திய திறமைப் போட்டியில் ஜெயித்திருந்தார்கள். பாஸ் இடத்துக்கு வந்தவர்தான் சம்னர். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பாரிடோன் இடத்துக்கு வந்தவர் செத்துப்போனவரின் தம்பி செசில். அண்ணன் விட்ட சுரத்தில் நின்று பாடத் தொடங்கி, 2000-இல் இறக்கும்வரை அதே குழுவில் இருந்தார். அவரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஸ்டாட்லர் பிரதர்ஸிலும் இதே கதைதான். ஹெரால்ட் ரீடின் பாஸ் எல்லோருக்கும் தெரியும். பாரிடோன் ஃபில் பால்ஸ்லிக்கு ‘அமைதியானவர்’ என்றே பட்டப்பெயர். (அந்தக் குழுவில் ஸ்டாட்லர் என்று ஒருவரும் கிடையாது. டிஷ்யூ பெட்டியில் இருந்த பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.)

‘இதெல்லாம் பக்தி வியாபாரம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, வியாபாரம்தான். 1910-இல் டென்னசியில் ஜேம்ஸ் டி. வான் சம்பளம் கொடுத்து ஒரு நால்வர் குழுவை ஊர் ஊராக அனுப்பியதே பாட்டுப் புத்தகம் விற்கத்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் அலமாரியில் வைக்கவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் முக்கோணம், சதுரம், வட்டம் என்று தனி உருவம் அச்சிட்டிருக்கும். சில வாரப் பாட்டுப் பள்ளியில் உட்கார்ந்தால் விவசாயியும் நாலில் ஒரு பாகத்தைப் பார்த்துப் பாடிவிடலாம். ரெக்கார்டு வாங்கியவர்களில் பலருக்கு அந்த நடுக்குரல் மனப்பாடம்.

என் பெட்டியில் ஒரு தட்டு. இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டு ஓடும் இடம் மட்டும் கறுப்பு போய் சாம்பல் நிறமாக வெளிறியிருக்கிறது. கரகரப்பும் அங்கேதான் அதிகம். உறையைத் திருப்பினேன். அந்தப் பாட்டின் பெயருக்கு நேரே பென்சிலில், சின்னதாக, ‘பாரி.’ என்று எழுதியிருக்கிறது.