காலண்டரே வான வரைபடம்

ஜாதகக் கட்டத்தில் ராசியைக் காட்டு என்றால் எல்லோரும் காட்டிவிடுவோம். வானத்தில் காட்டு என்றால் கைபேசியில் செயலியைத் தேடுகிறோம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும் என்பது என் கட்சி.

அதில் இன்று ரோகிணி என்று இருந்தால், நிலா ரோகிணியின் பகுதியில் நிற்கிறது. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருப்பதுதான் ரோகிணி. கண்சிமிட்டாமல் நின்றால் அது செவ்வாயாக இருக்கலாம், கவனம். பெயரோடு போட்டிருக்கும் நேரத்தையும் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான். பிற்பகல் 3 மணி வரை ரோகிணி என்றால், இரவு 8 மணிக்கு நிலா மிருகசீரிடத்துக்குப் போயிருக்கும்.

ரோகிணியைச் சேர்ந்து ஆப்பு வடிவில் இருக்கும் சிறு விண்மீன்கள்தான் ரிஷபத்தின் முகம். நிலா வெளிச்சத்தில் அவை மங்கிவிடும். இடத்தை நினைவில் வைத்து, நிலா இல்லாத முன்னிரவில் பாருங்கள். விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம் முந்தி அதே இடத்துக்கு வரும். பத்து நாள் கழித்து என்றால் 40 நிமிடம் முன்னதாகவே வெளியே வரவேண்டும்.

ரோகிணி, மகம், சித்திரை மூன்றிலும் தொடங்குங்கள். மூன்றும் நிலாவின் பாதையை ஒட்டியவை. சுவாதியில் தொடங்கினால் ஏமாற்றம்தான்: அந்த விண்மீன் பாதையிலிருந்து 30 பாகை (டிகிரி) வடக்கே இருக்கிறது, அதாவது நீட்டிய கையின் முஷ்டி அளவுக்கு மூன்று மடங்கு. திருவோணமும் அப்படியே. திருவாதிரை 16 பாகை தெற்கே. கேட்டையின் சிக்கல் வேறு. லாகிரி அயனாம்சப்படி (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று பஞ்சாங்கம் வைத்துக்கொள்ளும் ஒரு கணக்கு) அந்தச் செந்நிற விண்மீன் அனுஷத்தின் கடைசிப் பாகத்தில் விழுகிறது. ஆகவே அனுஷம் முடிகிற வேளைதான் சரி.

ஆனால் விருச்சிகத்துக்கு நிலாவே தேவையில்லை. ஆனிக் கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கே பாருங்கள், கொடுக்கும் வாலுமாகத் தேளே கிடக்கும். லண்டனில் அதன் வால் வளைவு அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. சென்னையில் அது 30 பாகைக்கு மேல் ஏறும். இந்தப் பேறு நமக்கு இருந்தும் பார்க்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆவணியில் சிம்மத்தைத் தேடாதீர்கள், சூரியன் அங்கே இருக்கிறது. பங்குனி, சித்திரை முன்னிரவில் உச்சிக்கருகே பாருங்கள்: அரிவாள் வளைவு, அதன் பிடியில் மகம்.

கடகத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதில் பிரகாசமான விண்மீன் ஒன்றுகூட இல்லை. ஊர் வெளிச்சத்தைத் தாண்டிப் போய், அரைமணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, மகத்துக்கும் புனர்பூச ஜோடிக்கும் நடுவே 10×50 பைனாகுலரைத் திருப்புங்கள். வெறுங்கண்ணுக்குப் புகைபோலத் தெரிந்த இடம் விண்மீன் கொத்தாகப் பிரியும். பூசத்தின் இடம் அதுதான்.