2 கோடி வாக்குகள் மாயமாகவில்லை

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வாங்கிய வாக்குகளைப் பற்றி, "2020இல் பைடனுக்கு 8.1 கோடி வாக்குகள், 2024இல் ஹாரிஸுக்கு 6 கோடிச் சொச்சம்தான். மீதி 2 கோடி எங்கே?" என்று பரவும் பதிவு தவறு. தேர்தலுக்கு மறுநாள், எண்ணிக்கை முடியும் முன்பே போட்ட கணக்கு அது. வேகாத சோற்றை அளந்த கதை.

உதாரணமாக, கலிபோர்னியா மாநிலத்தில் தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்த வாக்குச்சீட்டு, அடுத்த 7 நாள்களுக்குள் வந்து சேர்ந்தால் செல்லும். ஒவ்வொரு உறையிலும் கையெழுத்தைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் வாக்காளருக்குத் தெரிவித்து, சரிசெய்ய அவகாசமும் தருவார்கள். எண்ணி முடிக்க வாரக்கணக்காகும்.

இறுதியில் ஹாரிஸ் பெற்றது சுமார் 7.5 கோடி, பைடனைவிட 60 லட்சத்துக்குச் சற்று அதிகமாகக் குறைவு. டிரம்ப்போ 7.42 கோடியிலிருந்து 7.73 கோடிக்கு உயர்ந்தார்.