உயிரைக் காப்பவருக்கு இவ்வளவுதானா கூலி?

நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு யானை தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் நாம் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதே நேரத்தில் ஒரு டார்ச் விளக்குடனும் சில பட்டாசுகளுடனும் அந்த யானையை நோக்கி நடப்பவர், வனத்துறையில் தற்காலிகமாகப் பணிபுரியும் வேட்டைத் தடுப்புக் காவலர். இரவெல்லாம் மழையில் நின்று, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இலை பறிக்கப் போகும் பெண்களுக்கும் வழி பாதுகாப்பானதா என்று பார்த்துச் சொல்லும் அவருக்கு, ஆண்டுகள் பல கடந்தும் சொற்பத் தொகுப்பூதியம்தான். இது எந்த ஊர் நியாயம்?

2021 அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம், மனிதர்களைக் கொன்றதாகத் தேடப்பட்ட டி23 என்ற புலி உயிருடன் பிடிபட்டபோது எல்லோரும் பாராட்டினார்கள். அதற்கு முன் ஏறத்தாழ மூன்று வாரங்கள் முட்புதர்களுக்குள் கால்தடம் தேடி நடந்தவர்களில் இவர்களும் உண்டு. பாராட்டு வந்தது, சம்பளம் உயர வேண்டாமா? நிரந்தரப் பணியாளர் யார், தற்காலிகப் பணியாளர் யார் என்று பார்த்தா யானை துரத்துகிறது? ஆபத்து இருவருக்கும் ஒன்றாக இருக்கும்போது ஊதியத்தில் மட்டும் ஏன் இத்தனை இடைவெளி?

மளிகைக் கடையில் கடன் சொல்லிவிட்டு இரவுப் பணிக்குப் புறப்படும் ஒருவரிடம், எங்கள் உயிரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாம் எந்த முகத்துடன் கேட்கிறோம்?